திண்ம எபாக்சி பிசின்கள்: தேர்வு செய்வதும், அளந்து கலப்பதும், முழுமையாக இறுக வைப்பதும்

எபாக்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலந்து ஒட்டும் பசைதான். அந்தப் பசையில் இருப்பது தேன்போல் ஒழுகும் திரவப் பிசின். அதே குடும்பத்தில், உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப்போல வெளிறிய செதில்களாக மூட்டையில் வந்து இறங்கும் திண்மப் பிசின்களும் உண்டு. நிலத்தடியில் செல்லும் எஃகுக் குழாயின் மேற்பூச்சிலும், பொடியைத் தெளித்து அடுப்பில் உருக்கிப் படலமாக்கும் பவுடர் கோட்டிங்கிலும், தகர டப்பாவின் உட்பூச்சிலும், மின்னணுச் சுற்றுப்பலகையிலும் வேலை செய்பவை பெரும்பாலும் இவைதான். புதிதாக இவற்றைக் கையாள்பவர்களின் தவறுகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் நிகழ்கின்றன என்பது என் அனுபவம். பிசினின் சமான எடையைப் பார்க்காமல், அதை இறுக வைக்கும் ஹார்டனரை நிறுப்பது ஒன்று. அடுப்பின் வெப்பநிலையையே பொருளின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்வது மற்றொன்று. இவை இரண்டையும் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே வழிக்கு வந்துவிடும்.

பிசின் திண்மமாவது எப்படி

பிஸ்பீனால் ஏ என்னும் சேர்மத்தையும் எபிகுளோரோஹைட்ரினையும் காஸ்டிக் சோடாவின் துணையுடன் வினைபுரியச் செய்தால் எபாக்சி பிசின் கிடைக்கிறது. இதன் மிகச் சிறிய மூலக்கூறின் எடை 340. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு எபாக்சி வளையம் இருக்கிறது. இந்த மூலக்கூறு நீண்டு வளரும்போது, இடையில் 284 எடையுள்ள ஓர் அலகு மீண்டும் மீண்டும் சேருகிறது. ஒவ்வோர் அலகும் தன்னுடன் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைக் கொண்டுவருகிறது. ஆனால் எபாக்சி வளையங்கள் மட்டும் முனைகளிலேயே, அதே இரண்டாகவே நின்றுவிடுகின்றன. அதாவது, சங்கிலி நீள நீள, ஒரு கிராம் பிசினில் உள்ள எபாக்சி குறைந்துகொண்டே போகிறது. ஹைட்ராக்சில் கூடிக்கொண்டே போகிறது. திண்மப் பிசினின் குணங்கள் ஏறத்தாழ எல்லாமே இந்த ஒரு மாற்றத்திலிருந்து பிறப்பவைதான்.

எபாக்சி சமான எடை என்பது, ஒரு மோல் எபாக்சி தொகுதியைக் கொண்டிருக்கும் பிசினின் எடை, கிராமில். சாதாரணத் திரவப் பிசினுக்கு இது 182 முதல் 192 வரை இருக்கும். இடையில் இரண்டு அலகுகள் சேர்ந்த மூலக்கூறின் எடை 908; முனைகள் இரண்டு என்பதால் சமான எடை 454. தொழிலில் டைப் 1 என்று அழைக்கப்படும், 450 முதல் 550 வரை சமான எடையுள்ள பிசின் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரி செல்சியஸில் அது இளகும். டைப் 4 எனப்படுவது 875 முதல் 1000 வரை. இளகுநிலை 100 டிகிரியை ஒட்டி இருக்கும். டைப் 7, டைப் 9 ஆகியவற்றின் சமான எடை 1600-க்கு மேல் தொடங்கிச் சில ஆயிரங்கள் வரை செல்லும். அவற்றின் இளகுநிலை 115 டிகிரியைத் தாண்டி 150 வரைகூடப் போகும். பவுடர் கோட்டிங்கில் மிகுதியாகப் புழங்குவது டைப் 1-க்கும் 4-க்கும் இடைப்பட்ட, 700 முதல் 800 வரையிலான ரகம்.

திண்மப் பிசினைத் தயாரிக்க இரு வழிகள் உண்டு. மூலப்பொருள்களிலிருந்தே நேராக நீண்ட சங்கிலியை உருவாக்கி, உண்டான உப்பை நீரால் கழுவி எடுப்பது ஒன்று. திரவப் பிசினுடன் மேலும் பிஸ்பீனால் ஏ-வைச் சேர்த்து, சிறிதளவு வினையூக்கியுடன் 150 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சங்கிலியை நீட்டுவது மற்றொன்று. இரண்டாவது முறையின் கணக்கு சுவையானது. சமான எடை 190 கொண்ட திரவப் பிசின் 100 கிராமில் 0.526 சமானம் எபாக்சி உண்டு; பிஸ்பீனாலின் சமான எடை 114. சமான எடை 500 கொண்ட திண்மப் பிசின் வேண்டுமானால் ஏறத்தாழ 30.3 கிராம் பிஸ்பீனால் சேர்க்க வேண்டும். அது 0.266 சமானம் எபாக்சியைத் தின்றுவிடும், எஞ்சும் 0.26 சமானம், இப்போது 130.3 கிராமாகிவிட்ட பிசினில் பரவியிருக்கும். வகுத்துப் பார்த்தால் 500 வரும். ஆனால் இது தானாகவே வெப்பத்தை வெளிவிடும் வினை. குளிர்விக்கும் வசதியில்லாத கலத்தில் இதைச் செய்தால் வெப்பநிலை கைமீறிப் போய்ப் பிசின் முழுவதும் ஜெல்லாக இறுகிவிடும். கணக்கைப் புரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. செய்முறையை அதற்கென அமைந்த ஆலைகளிடமே விட்டுவிடுவது நல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பது

சமான எடை குறைந்த பிசின் உருகியவுடன் நன்றாக ஓடிப் பரவும். எபாக்சி தொகுதிகள் நெருக்கமாக இருப்பதால் இறுகியபின் குறுக்குப் பிணைப்புகளும் நெருக்கமாக அமையும். அதனால் கரைப்பான்களையும் வேதிப்பொருள்களையும் நன்கு தாங்கும். ஆனால் வளைத்தால் விரிசல் விடும் இயல்பும் கூடவே வரும். சமான எடை உயர உயர, பிணைப்புகளுக்கு இடையிலான தூரம் கூடுவதால் படலம் வளைந்துகொடுக்கும். ஹைட்ராக்சில் தொகுதிகள் மிகுவதால் உலோகத்தைப் பற்றும் பிடிப்பும் சிறப்பாக இருக்கும். பூசிய தகட்டையே பின்னர் அழுத்தி டப்பாவாக உருவாக்கும் தொழிலில் டைப் 7-ம் 9-ம் பயன்படுவது இதனால்தான். அதற்கான விலை, உருகிய நிலையிலும் பாகுத்தன்மை மிக அதிகமாக இருப்பது. ஆகவே அந்த ரகங்களைக் கரைப்பானில் கரைத்தே பூச வேண்டியிருக்கிறது.

உயர்ந்த வெப்பத்தைத் தாங்க வேண்டுமானால் பிஸ்பீனால் ரகத்தை விட்டு, ஒரே மூலக்கூறில் பல எபாக்சி வளையங்களைக் கொண்ட நோவலாக் ரகத் திண்மப் பிசினுக்குச் செல்ல வேண்டும். எந்த ரகமானாலும், இவற்றிலுள்ள அரோமாட்டிக் (பென்சீன் வளைய) அமைப்பு வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதில்லை. திறந்த வெளியில் நிற்கும் பொருளுக்கு எபாக்சியையே மேற்பூச்சாக அடித்தால், சில மாதங்களில் பளபளப்புப் போய், விரலால் தடவினால் வெண்பொடி ஒட்டும். அங்கே எபாக்சி அடிப்பூச்சாக இருக்கட்டும். மேலே பாலியூரிதேனோ பாலியெஸ்டரோ வரட்டும்.

ஹார்டனரை நிறுப்பது

ஹார்டனர் சேரும்வரை இந்தப் பிசின் சூடாக்கினால் இளகி, ஆறினால் மீண்டும் கெட்டியாகும் ஒரு பொருள் மட்டுமே. கியூரிங் என்று தொழிலில் சொல்லப்படும் இறுகுதல் நடந்தபின் அது எந்தச் சூட்டிலும் மீண்டும் உருகாது. ஹார்டனரின் அளவைக் காண்பதற்கான சூத்திரம் எளிது: ஹார்டனரின் சமான எடையை 100-ஆல் பெருக்கிப் பிசினின் சமான எடையால் வகுத்தால், 100 கிராம் பிசினுக்குத் தேவையான கிராம் கிடைக்கும். டைஅமினோ டைஃபீனைல் சல்ஃபோன் என்ற ஹார்டனரின் சமான எடை 62. சமான எடை 500 உள்ள பிசினுக்கு அது 12.4 கிராம் வேண்டும். 750 உள்ள பிசினுக்கோ 8.3 கிராமே போதும். பிசினின் ரகத்தை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே ஹார்டனரைப் போட்டால் என்ன ஆகும் என்பது இந்த இரு எண்களிலிருந்தே விளங்கும். பை மாறும்போதெல்லாம் சான்றிதழில் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கென (பேட்ச்) அச்சிட்டிருக்கும் சமான எடையைப் பார்த்துக் கணக்கை மீண்டும் போடுங்கள்.

திண்மப் பிசினுக்கு மிகவும் பொருந்திய ஹார்டனர்களில் ஒன்று டைசயான்டையமைட், சுருக்கமாக டைசி. இது 208 டிகிரியை ஒட்டி உருகும் வெண்பொடி. அறை வெப்பநிலையில் பிசினில் கரையாததால், கலந்து வைத்தாலும் மாதக்கணக்கில் வினைபுரியாமல் காத்திருக்கும்; சூடேறியதும் கரைந்து வேலையைத் தொடங்கும். தனியாக விட்டால் 180 டிகிரிக்கு மேல் கேட்கும். இமிடசோல் வகை முடுக்கி ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால் 150, 160 டிகிரியிலேயே இறுகத் தொடங்கும். இதன் சமான எடையைக் கணக்குக்கு 21 என்று கொள்வார்கள். 750 பிசினுக்கு அது 2.8 கிராம் ஆகும். எனினும் டைசியின் வினை அந்த எளிய கணக்குக்குள் முழுதாக அடங்குவதில்லை என்பதால், நடைமுறையில் கணக்கைவிடக் குறைவாகவே சேர்ப்பார்கள். அளவைவிடவும் நான் வலியுறுத்த விரும்புவது அதன் நுண்மையை. கரடுமுரடான டைசி முழுதும் கரையாமல் படலத்துக்குள் சிறு துகள்களாக நின்றுவிடும். டைசி நீரில் கரையக்கூடியது என்பதால், ஈரத்தில் கிடக்கும் பூச்சில் அந்தத் துகள்கள் நீரை உள்ளே ஈர்த்துக் கொப்புளம் எழுப்பும். மாவாக அரைத்த ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஹைப்ரிட் எனப்படும் பவுடர் கோட்டிங்கில், கார்பாக்சில் (அமில) முனைகளைக் கொண்ட பாலியெஸ்டரே எபாக்சிக்கு ஹார்டனராக நிற்கிறது. 70:30, 60:40, 50:50 என்று வழங்கப்படும் விகிதங்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர் உண்டு. அவை எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. 56,100-ஐப் பாலியெஸ்டரின் அமில எண்ணால் (ஒரு கிராமை நடுநிலையாக்கத் தேவையான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மில்லிகிராமில்) வகுத்தால் அதன் சமான எடை கிடைக்கும். அமில எண் 35 என்றால் 1603. அதனுடன் 750 எபாக்சி சேரும்போது எடை விகிதம் 68-க்கு 32, அதாவது ஏறத்தாழ 70:30. அமில எண் 75 என்றால் பாலியெஸ்டரின் சமான எடை 748, எபாக்சியுடையது 750, ஆகவே 50:50.

பவுடர் தயாரிப்பில், இந்தச் செதில்களையும் ஹார்டனரையும் நிறமியையும் உலர்நிலையில் கலந்து, 90 முதல் 110 டிகிரி சூட்டில் எக்ஸ்ட்ரூடர் என்னும் திருகு இயந்திரத்தின் வழியாகச் செலுத்துவார்கள். உருகிய கலவை அதற்குள் இருக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். வெளியே வந்ததும் குளிர் உருளைகளுக்கிடையே சென்று தகடாகிவிட வேண்டும். தாமதித்தால் வினை அங்கேயே தொடங்கிவிடும். அரைத்த பவுடர் பிறகு அடுப்பில் சமமாக ஓடாமல் ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளமாக நிற்கும். அக்ரிலிக் சமப்படுத்தியை ஒரு விழுக்காட்டை ஒட்டியும், சிக்கிய காற்றை வெளியேற்றும் பென்சாயினை அரை விழுக்காட்டுக்குள்ளும் சேர்ப்பது வழக்கம்.

இறுகுதலைக் கண்ணால் பார்ப்பது

பவுடர் அடுப்பில் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே அறிய ஒரு சிறிய சோதனை போதும். நடுவில் குழி உள்ள ஒரு சூட்டுத் தட்டை 180 டிகிரியில் நிலைநிறுத்துங்கள். கால் கிராம் அளவு பவுடரைக் குழியில் இட்டு, நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, மெல்லிய குச்சியால் சிறு வட்டமாகக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் பொடி ஓரங்களில் ஈரமானதுபோல் மினுங்கி, சில நொடிகளில் முழுதும் உருகிப் பளபளக்கும். அப்போது குச்சியைத் தூக்கினால் மயிரிழை போன்ற நீண்ட நூல் வரும். கிளறக் கிளறக் குச்சி கனக்கும். நூல் தடித்துக் குட்டையாகும். பிறகு ஒரு கணத்தில் நூலே வராது. கலவை ரப்பர்போலச் சுருண்டு குச்சியோடு எழும்பி அறுந்துபோகும். அந்தக் கணமே ஜெல் நேரம். ஒவ்வொரு பேட்சுக்கும் இதைக் குறித்து வைத்தால், அளவில் பிழை நேர்ந்த கலவையை உற்பத்திக்குப் போகுமுன்பே பிடித்துவிடலாம்.

ஜெல்லானதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. ஜெல் நிலையில் பிணைப்புகளின் வலை தொடங்கியிருக்கிறது, அவ்வளவே. மீதமுள்ள எபாக்சி தொகுதிகளும் ஹார்டனரும் ஒன்றையொன்று தேடிச் சேர மேலும் சூடும் நேரமும் வேண்டும். பவுடரின் விவரத்தாளில் '180 டிகிரியில் 10 நிமிடம்' என்று இருந்தால், அது உலோகம் 180 டிகிரியைத் தொட்ட பின் எண்ணப்படும் 10 நிமிடம். நான் தொடக்கத்தில் ஒரு பட்டறையில் கனமான வார்ப்பிரும்பு உறுப்புகளைப் பூசியபோது, மெல்லிய தகட்டுக்கான நேரத்தையே இவற்றுக்கும் கொடுத்துவிட்டேன். பார்வைக்குப் பளபளப்பாகவே வந்தன. ஆனால் சில நாள் கழித்து ஒன்றைத் தட்டியபோது பூச்சு சில்லாகப் பெயர்ந்தது. மறுநாள் அதே உறுப்பில், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளைக் கட்டி உள்ளே அனுப்பினேன்; அடுப்புக் காற்று 200 டிகிரியில் நின்றுகொண்டிருக்க, இரும்பு 180-ஐ எட்டவே இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அன்று முதல், புதிய வடிவமோ தடிமனோ வந்தால் முதல் உறுப்பில் தெர்மோகப்பிள் கட்டாமல் நான் அடுப்பு நேரத்தை முடிவு செய்வதில்லை.

இறுகிவிட்டதா என்று சோதிக்க, மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் நனைத்த துணியால் ஒரே இடத்தில் அழுத்தி முன்னும் பின்னுமாக ஐம்பது முறை தேய்க்கலாம். படலம் இளகினாலோ, மங்கி நகக்கீறலை ஏற்றாலோ, இறுகுதல் போதவில்லை. ஆய்வகம் இருந்தால் சூடாக்கும்போது பொருள் ஏற்கும், வெளிவிடும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியில் ஒரே மாதிரியை இருமுறை சூடாக்கி, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை (விறைப்பான படலம் நெகிழத் தொடங்கும் வெப்பநிலையை) ஒப்பிடலாம். இரண்டாம் முறை அது சில டிகிரிகளுக்கு மேல் உயர்ந்தால், முதல் முறை அடுப்பு தன் வேலையை முடிக்கவில்லை என்று பொருள்.

கரைசலாகப் பயன்படுத்துவது

திண்மப் பிசினை அறை வெப்பநிலையிலும் இறுக வைக்கலாம். அதற்கு மூலக்கூறுகள் அசைந்து சந்திக்கும் வகையில் அதைக் கரைக்க வேண்டும். டைப் 1 பிசினைச் சைலீனில் 75 விழுக்காட்டுக் கரைசலாக்குவது பொதுவான முறை. கலத்தில் கரைப்பானை முதலில் ஊற்றி, கலக்கி சுழன்றுகொண்டிருக்கும்போதே செதில்களைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். செதில்மேல் கரைப்பானை ஊற்றினால் அடியில் ஒட்டிக்கொண்ட ஒரே கட்டியாகிவிடும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. பிசினின் சமான எடை 500 என்றால், 75 விழுக்காட்டுக் கரைசலின் சமான எடை 667. பாலிஅமைட் ஹார்டனரின் சமான எடை 250 என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் கரைசலுக்கு 37.5 கிராம் வேண்டும். 667-க்குப் பதில் 500-ஐப் போட்டால் விடை 50 கிராம் ஆகிவிடும். மிகையான ஹார்டனர் வினைபுரிய ஆளில்லாமல் படலத்தில் தங்கி, அதைப் பிசுபிசுப்பாகவும் நீருக்கு இளகுவதாகவும் ஆக்கும். கலந்தபின் 15 முதல் 30 நிமிடம் வைத்திருந்து பூசுவது நல்லது. அமின் வகை ஹார்டனருடன் கீட்டோன் கரைப்பான்களைத் தாராளமாகச் சேர்க்காதீர்கள். கீட்டோன் அமினோடு வினைபுரிந்து இறுகுதலைத் தாமதப்படுத்தும். 10 டிகிரிக்குக் கீழே சாதாரண பாலிஅமைட் கலவை ஏறத்தாழ உறங்கிவிடும்.

பயன்படும் இடங்கள்

எண்ணெய், எரிவாயுக் குழாய்களில், எஃகை மணலடித்துத் தூய்மையாக்கி, 230 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, சுழலும் குழாயின்மேல் மின்னேற்றப்பட்ட பவுடரைத் தெளிக்கிறார்கள். இங்கே அடுப்பே கிடையாது. குழாயில் தேங்கிய சூடே பவுடரை உருக்கிச் சில நொடிகளில் ஜெல்லாக்கி இறுக வைக்கிறது. பின்னர் நீரால் குளிர்வித்து, உயர்மின்னழுத்தத் தூரிகையால் வருடி, ஊசித்துளை இருக்கும் இடங்களில் பொறி தெறிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதே முறையைக் கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பிகளுக்கும் கொண்டுவந்தார்கள். 1973-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பாலத்தின் மேல்தளத்தில் எபாக்சி பூசிய கம்பி முதன்முதலாக இடப்பட்டது. ஆனால் 1980-களில், ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் கடற்பாலங்களில் கட்டிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே பூசிய கம்பிகள் துருப்பிடித்திருப்பது தெரியவந்தது. வளைக்கும்போதும் ஏற்றி இறக்கும்போதும் பூச்சில் விழும் காயங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை அது உணர்த்தியது. ஆகவே, பூசிய கம்பியைக் கையாள்பவர் தரையில் இழுக்காமல் தூக்கிச் செல்ல வேண்டும். வெட்டிய முனையையும் கீறலையும் அங்கேயே பழுதுபார்ப்புப் பூச்சால் மூட வேண்டும்.

எஃப்ஆர்-4 எனப்படும் சுற்றுப்பலகையில், புரோமின் சேர்ந்த திண்ம எபாக்சியையும் டைசியையும் கரைசலாக்கி, அதில் கண்ணாடியிழைத் துணியை நனைத்துப் பாதியளவு இறுகவிட்டு, பின்னர் செப்புத் தகட்டுடன் அடுக்கிச் சூட்டில் அழுத்துகிறார்கள். மின்னணுச் சில்லுகளைப் (சிப்) பொதியும் கறுப்பு வார்ப்புப் பொருளில் நோவலாக் எபாக்சி சிறுபங்குதான், பெரும்பங்கு சிலிக்கா. அதை 175 டிகிரியை ஒட்டி ஓரிரு நிமிடம் அச்சில் அழுத்தி, பிறகு பல மணி நேரம் அடுப்பில் வைத்து முழுமையாக்குவார்கள். உணவு டப்பாவின் உட்பூச்சு மட்டும் இப்போது மாறிவருகிறது: உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பீனால் ஏ-வைத் தடைசெய்யும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் நிறைவேற்றியது. அந்தத் துறைக்குள் புதிதாக நுழைபவர்கள் மாற்று ரகங்களிலிருந்தே தொடங்கலாம்.

பாதுகாப்பும் சேமிப்பும்

340 எடையுள்ள சிறிய மூலக்கூறுதான் தோலில் ஒவ்வாமையை மிகுதியாக உண்டாக்குவது. திண்மப் பிசினில் அது குறைவு. ஆனால் டைப் 1-இல் ஓரளவு எஞ்சியே இருக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூடத் தோலைக் கொப்பளிக்க வைக்கும் என்பதால், முதல் நாளிலிருந்தே நைட்ரைல் கையுறை அணியுங்கள்; கையில் பட்டதைக் கரைப்பானால் துடைக்காமல் சோப்பு நீரால் கழுவுங்கள். நுண்ணிய பவுடர் காற்றில் மேகமாக எழும்போது ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகவே தெளிக்கும் கூண்டில் காற்று உறிஞ்சி ஓடாமல் துப்பாக்கியை இயக்காதீர்கள். தொங்கும் கொக்கியில் படிந்த பூச்சை அவ்வப்போது சுரண்டி, உறுப்புக்கு மண்ணிணைப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இளகுநிலை 70 டிகிரி என்றால் 40 டிகிரிக் கிடங்கில் ஒன்றும் ஆகாது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதற்கு வெகு கீழேயே செதில்கள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். மேலே அடுக்கிய மூட்டைகளின் பாரம் அதை விரைவுபடுத்தும். டைப் 1 மூட்டைகளைக் குளிர்ந்த இடத்தில், உயரமாக அடுக்காமல் வையுங்கள். குளிர் அறையிலிருந்து எடுத்த பவுடர்ப் பையையோ வார்ப்புப் பொருளையோ உடனே பிரிக்காமல், மூடியபடியே ஓர் இரவு அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த பொடியின்மேல் படிந்து, அடுப்பில் ஊசித்துளைகளாக வெளிப்படும்.